கரைமேல் ஆவாரை

எங்கள் ஊர் ஏரிக்கு வயது யாருக்கும் தெரியாது. சின்ன ஏரி, வெறும் மண்கரை. கரைமேல் அடர்ந்திருந்த ஆவாரஞ்செடிகளின் வேர்தான் அந்தக் கிழட்டு மண்ணைப் பிடித்து நிறுத்தியிருந்தது. ஏரிக்குள் நின்ற கருவேல மரங்களில் நாரைகள் கூடு கட்டும். சுற்றிலும் தண்ணீர் இருக்கும்வரை நரி அண்டாது. எங்கள் நெல்லும் அந்தத் தண்ணீரைத்தான் நம்பியிருந்தது.

அப்போதெல்லாம் ஆவாரம்பட்டை போட்டுத்தான் தோல் பதனிடுவார்கள். எங்கள் பக்கத்திலிருந்து ஆம்பூர் மண்டிக்குப் பட்டை வண்டி வண்டியாகப் போகும். ஆனால் கரைச் செடியை யாரும் தொடக்கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. மழை பொய்த்து வேர்க்கடலை கருகிய வருஷம், காட்டுச் செடியெல்லாம் தீர்ந்தபின், அப்பா கத்தியோடு கிளம்பினார்.

அம்மா குறுக்கே நின்றாள். “கரைல இருக்கறது வாணாம்யா. மண்ணு நிக்காது.”

“ஆவாரைய வெட்னா ஜாஸ்தியாத்தான் தழையும். பேஜார் பண்ணாத,” என்றார் அப்பா. “ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோன்னு சும்மாவா சொன்னாங்க?”

மறுநாள் ஊரே கரை ஏறியது. கட்டுப்பாடு பேசியவர்கள்தான் முன்னால் நின்றார்கள். வெட்டினால் தழையும் என்பது உண்மைதான். தழையும்வரை பசி காத்திருக்கவில்லை. கிளை தீர்ந்ததும் பட்டைக்காக வேரையும் தோண்டினார்கள்.

அடுத்த ஐப்பசியில் மழை கொட்டியது. ஏரி நிறைந்தது, நாரைகள் வந்து குஞ்சு பொரித்தன. “இன்னா, கரை நிக்குதா இல்லியா?” என்று அப்பா அம்மாவைச் சீண்டினார். மார்கழியில் பெய்த ஒரு மழைக்கு, வேர் தோண்டிய இடத்திலேயே கரை உடைந்தது. பால் பிடித்திருந்த நெல்லையும் வெள்ளம் வாரிக்கொண்டு போயிற்று.

நான் சேற்றில் துள்ளிய மீன்களைத்தான் பார்த்தேன். பாவாடை மடி நிறைய அள்ளினேன். எனக்கு அது திருவிழா. அம்மா அவற்றை உப்பு தடவிக் காயப்போட்டாள்.

தண்ணீர் வற்றியதும் பெரிய நாரைகள் குஞ்சுகளை விட்டுவிட்டுப் பறந்துவிட்டன. நரிகள் மரத்தடிக்கு நடந்தே வந்தன. அப்பா விடிந்ததிலிருந்து இருட்டும்வரை தடியோடு நின்று அவற்றை விரட்டினார். பசியில் விழுந்த குஞ்சுகளை அவர் என்ன செய்ய முடியும்? மேலே கூடுகளில் குஞ்சுகளின் சத்தம் முழுக்க அடங்கிய அன்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

அம்மா கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள். அப்பா ஒரு வாய்கூட வைக்காமல் தட்டை என் பக்கம் தள்ளினார்.

“முள்ளு ஜாஸ்தியாப்பா?” என்று கேட்டேன்.

“ஆமாம்மா.”

அவர் பங்கையும் ஆசையாகத் தின்றேன். அடுத்த விளைச்சல்வரை வீட்டில் இருந்தது அந்தக் கருவாடு மட்டும்தான் என்பது எனக்குத் தெரியாது.