சொல்லிக் கொடுத்த பதில்கள்

எழுபதுகளின் பிற்பாதியில் கோவளத்திலிருந்து மீன் ஏற்றும் லாரியில் நானும் ஒரு கூட்டாளியும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தோம். திருப்போரூர் தாண்டி ஒரு பள்ளத்தில் லாரி தூக்கிப் போட்டது. கூடைகள் மேல் உட்கார்ந்திருந்த கூட்டாளி தலைகுப்புற ரோட்டில் விழுந்தான். நினைவில்லை. அதே லாரியில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

மறுநாள் காலை கண் திறந்தான். இளவயது டாக்டர் ஒருவர் அடிக்கடி வந்து பார்த்தார். கூப்பிட்டால் கண் திறக்கிறானா, நகத்தை அழுத்தினால் கையை இழுக்கிறானா, கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்கிறானா என்று பார்த்து ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டார். மார்க் குறைந்தால் மெட்ராசுக்கு அனுப்பி மண்டையைத் திறக்க வேண்டியிருக்கும் என்றார்.

அவர் நகர்ந்ததும், சேதி கேட்டு வந்திருந்த அவன் மனைவி என் பக்கம் திரும்பினாள். "மெட்ராசு வாணாம் அண்ணாத்த. எங்க நைனாவ அங்கதான் இட்டுனு போனாங்க. பொணமாத்தான் வந்தாரு."

நான் ஐந்தாவதோடு நின்றவன். மார்க் என்றால் எனக்குப் பரீட்சைதான். அவன் காதில் ஓதினேன். "மச்சான், இது இன்னா ஊரு? செங்கல்பட்டு. இன்னா மாசம்? ஐப்பசி. சொல்லு."

"செங்கல்பட்டு. ஐப்பசி," என்றான். "இன்னாடா, வாத்தியாரு வந்துகினு கீறாரா?"

மூன்று பேரும் சிரித்தோம். டாக்டர் கேட்டபோது இரண்டையும் சரியாகச் சொன்னான். பேச்சு தெளிவு என்று அவர் எழுதிக்கொண்டு போனார்.

மத்தியானம் தூங்கித் தூங்கி விழுந்தான். தட்டி எழுப்பிச் சொல்லிக் கொடுத்தேன். நாக்கு குழறியது. ஆனாலும் டாக்டர் வந்தபோது செங்கல்பட்டு என்றான், ஐப்பசி என்றான். சாயங்காலம் அவர் வேறு கேள்வி கேட்டார்.

"காலைல என்னப்பா சாப்பிட்டே?"

"செங்கல்பட்டு."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் பரீட்சையா வெச்சேன்? மூளை எவ்வளவு முழிச்சிருக்குன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்யா," என்றார். அதற்குமேல் திட்ட அவருக்கு நேரமில்லை. வேனைக் கூப்பிட ஓடினார்.

மெட்ராசில் மண்டைக்குள் கட்டியிருந்த ரத்தத்தை எடுத்தார்கள். பிழைத்தான். வலது கை மட்டும் தூக்க வரவில்லை. மத்தியானமே அனுப்பியிருந்தால் கை தப்பியிருக்குமா என்று அங்கிருந்த டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். எனக்கு அந்த நிம்மதி வரவில்லை.

கோவளத்துக்குக் கூட்டிவந்த பிறகு அவன் மனைவி எல்லாரிடமும் ஒன்றையே சொன்னாள். "நான்தான் வாணாம்னு அழுதேன். அண்ணாத்த பாவம், இன்னா பண்ணும்?"

நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இல்லை என்று சொல்லவில்லை. பழியை அவளிடமே விட்டுவிட்டு, அந்த வாரமே அச்சரப்பாக்கம் பக்கம் நெல் லாரிக்கு வேலைக்குப் போய்விட்டேன்.