கரிசலுக்குப் பச்சைப் பலகை

இந்த வாரம் எனக்கு மூடு சரியில்லை. வழக்கமான கேலியை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். வயிறு எரிகிறது... எரிகிற வயிற்றோடுதான் எழுதுகிறேன்.

என் அக்கா மகள் மகேஸ்வரி தோள்பட்டை எலும்பு முறிந்து வீட்டில் கிடக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை பைக்கிலிருந்து விழுந்துவிட்டாள். ரோட்டில் இல்லை. கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகிற வழியில், வெளியூர் கம்பெனி ஒன்று தரிசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து 'ஆஃப்ரோடு டிரெயில்' நடத்துகிறது. அங்கே.

ஆஃப்ரோடு என்றால்? ரோடு இல்லாத இடத்தில் வேண்டுமென்றே பைக் ஓட்டுவது. நம் பக்கத்தில் பாதிப் பேர் தினமும் அதைத்தான் செய்கிறோம். ஜெர்சி போட்டுக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

மகேஸுக்கு வயது இருபத்தேழு. புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் யூனிட்டில் சூப்பர்வைசர். வாரம் முழுக்கச் சட்டைக் காலரையும் காஜாவையும் பார்த்துக் கண் பூத்துப் போகிறவளுக்கு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த டர்ட் பைக். சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. மூன்று வருடமாக ஓட்டுகிறாள்.

இந்த லெவல் சமாசாரத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். பாதைக்கு நிறம் உண்டு. பச்சை, புதிதாக வருகிறவர்களுக்கு. நீலம், ஓரளவு கை பழகியவர்களுக்கு. கறுப்பு, தேர்ந்தவர்களுக்கு. ஓட்டுகிறவர்களையும் அப்படியே பிகினர், இன்டர்மீடியட், எக்ஸ்பர்ட் என்று பிரிப்பார்களாம். யார் எந்த ரகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"வேகத்த வச்சு இல்ல மாமா. வண்டி வழுக்கும்போது என்ன செய்யுதோம்னு பாக்கணும். பிகினரு பயந்துபோயி பிரேக்கப் புடிச்சிருவான். கொஞ்சம் பழகுனவன் எந்திரிச்சு நின்னுக்கிட்டு, தூரமாப் பாத்து, கிளட்ச்ச வச்சே சமாளிச்சிருவான். எக்ஸ்பர்ட்டு இருக்கானே, அவன் இங்கன வழுக்கும்னு முன்னாடியே தெரிஞ்சு அந்தப் பக்கமே போமாட்டான்."

அப்படிப் பார்த்தால், அன்றைக்கு அந்த இடத்தில் இருந்த ஒரே எக்ஸ்பர்ட் இவள்தான். எப்படி என்று சொல்கிறேன்.

அந்தக் கம்பெனிக்காரர்கள் பாதையைத் தரம் பிரித்த லட்சணத்தைக் கேளுங்கள். ஒரு குன்று இருக்கிறது. செங்குத்து, பாறை. பார்த்தாலே பயம் வருகிறது, ஆகவே கறுப்புப் பலகை. ஒரு ஓடை. கல்லும் மணலும். நீலப் பலகை. மிச்சம் இருப்பது கரிசல் காடு. மேடு இல்லை, பள்ளம் இல்லை, சப்பாத்தி மாதிரி கிடக்கிறது. நட்டு வைத்துவிட்டார்கள் பச்சைப் பலகையை! இவர்கள் வந்து பார்த்தது நல்ல கோடையில். மழை பெய்தால் அந்த மண் என்ன ஆகும் என்று ஊரில் ஒரு ஆளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? அவர்கள்தான் படம் போட்ட டி-ஷர்ட் வைத்திருக்கிறார்களே.

சனிக்கிழமை சாயங்காலம் மழை. ஞாயிறு காலையில் இவள் போய் நின்றிருக்கிறாள். அங்கே நடந்த பேச்செல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. மேனேஜர் என்று ஒரு கறுப்புக் கண்ணாடிக்காரன். லெவல் என்ன என்று கேட்டானாம். இன்டர்மீடியட் என்று சொல்லியிருக்கிறாள்.

"லேடீஸ் எல்லாம் கிரீன்லயே போயிடுங்க மேடம். சேஃப்டிக்குத்தான்."

"அண்ணா, நேத்து மழ பெஞ்சிருக்கு. கரிசல் இன்னும் காயல. என்னைய பாறைப் பக்கம் விடுங்க, பாறை காஞ்சிட்டு. இந்தப் பசங்களயும் இன்னிக்கு இதுல இறக்காதீங்க."

பசங்கள் என்றது, அன்றுதான் முதல் முதலாக வந்திருந்த காலேஜ் மாணவர்கள் நாலைந்து பேரை. மேனேஜர் சிரித்தானாம். "பிளாட் கிரவுண்டுக்கே பயந்தா, ஹில் எப்படி மேடம் ஏறுவீங்க?"

அந்தப் பசங்களும் சிரித்திருக்கிறார்கள். சிரித்துக்கொண்டே வண்டியை ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். அவர்கள் தனியாக உள்ளே போய் மாட்டிக்கொள்ள வேண்டாமே என்று இவள் முன்னால் இறங்கியிருக்கிறாள்.

மழை பெய்த கரிசலில் செருப்போடு நடந்திருக்கிறீர்களா? பத்தடி தாண்டுவதற்குள் காலில் ஒரு அம்மிக்கல்லைக் கட்டியது போல் ஆகிவிடும். டயருக்கும் அதே கதைதான். முதலில் டயரின் பட்டன் இடுக்கெல்லாம் சேறு அடைந்தது. வழவழவென்று ஆனது. அப்புறம் சக்கரத்தைச் சுற்றிலும் அப்பி, சக்கரமே சுற்றாமல் நின்றுவிட்டது. வண்டி பக்கவாட்டில் படுத்தது. இவள் தோளில் விழுந்தாள். பின்னால் வந்த பசங்களின் வண்டிகளும் அங்கங்கே புதைந்து நின்றன. மெதுவாகப் போனதால் அவர்களுக்கு அடி இல்லை. சிரித்த அதே பசங்கள்தான் இவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். கம்பெனி ஜீப்பால் உள்ளே போக முடியவில்லை. பச்சைப் பாதையாம் பச்சைப் பாதை!

இதோடு முடிந்திருந்தால்கூட நான் அடங்கியிருப்பேன். மறுநாள் கம்பெனி இன்ஸ்டாகிராமில் போட்டது. விழுந்தவர் தன் திறமையைத் தவறாக மதிப்பிட்டுக்கொண்டதால் இது நடந்தது என்று. அடப்பாவிகளா! இருப்பதிலேயே எளிது என்று நீங்கள் பலகை வைத்த பாதையில் விழுந்தவள், எந்தத் திறமையை எங்கே போய்க் கூட்டிச் சொன்னாள்? பிகினருக்குக் கீழே என்ன லெவல் வைத்திருக்கிறீர்கள்? நடக்கத் தெரியாதவர்களா?

வீட்டில் அதற்கு மேல். சொந்தக்காரர்கள் ஒரு கையில் ஆரஞ்சுப் பழமும் வாயில் அறிவுரையுமாக வந்துபோனார்கள். பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு இந்த வேல? கல்யாணம் ஆக வேண்டிய புள்ள இல்லையா? இதே இடத்தில் பையன் விழுந்திருந்தால், கட்டோடு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்திருப்பார்கள்.

என் அத்தான் — மகேஸின் அப்பா சுப்பையா — ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "வண்டிய வித்துருதேன்." கோவில்பட்டியில் இரும்புக்கடை வைத்திருக்கிறவர். யாரோ ஒருவரிடம் பேசி, வியாழக்கிழமை சாயங்காலம் வந்து வண்டியைப் பார்க்கச் சொல்லிவிட்டார். மகேஸ் எதிர்த்துப் பேசவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. வாய் ஓயாத பிள்ளை அது.

கம்பெனி போட்டதை அத்தானிடம் காட்டினேன். "அவிய சொல்லுததுல என்ன தப்பு மாப்ள? இவளுக்கு ஓட்டத் தெரியல, விழுந்துட்டா" என்றார். நான் என்ன சொன்னாலும் காதில் ஏறவில்லை.

வண்டி இன்னும் அங்கேதான் கிடந்தது. வியாழன் காலையில் லோடு ஆட்டோ பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் போனோம். கேட்டைத் தாண்டியதிலிருந்து அத்தான் அந்தக் குன்றைத்தான் முறைத்துக்கொண்டு நடந்தார். "இம்புட்டு செங்குத்துல ஏறியிருக்காளே, கிறுக்கச்சி" என்று முனகினார். கறுப்புக் கண்ணாடி வந்தது. வண்டி எங்கே என்று கேட்டோம். அவன் குன்றைக் காட்டவில்லை. கரிசலைக் காட்டினான்.

நடுக்காட்டில் மகேஸின் வண்டி, பாதிச் சக்கரம் மண்ணுக்குள்ளே, அப்படியே இறுகிப்போய்க் கிடந்தது.

அத்தான் கரிசல் ஊரான பசுவந்தனையில் பிறந்து வளர்ந்தவர். குனிந்து மண்ணைப் பார்த்தார். நிமிர்ந்து பச்சைப் பலகையைப் பார்த்தார்.

"இதுலயா விழுந்தா?"

"ஆமா சார். பிளாட் கிரவுண்ட்தான். இதுலயே பேலன்ஸ் வரலன்னா அவங்களுக்கு ரைடிங் செட் ஆகாது. ராக் சைடு வேணும்னு வேற கேட்டாங்க. சேஃப்டிக்காக நாங்கதான் குடுக்கல."

"பாறைப் பக்கம் கேட்டாளா?"

"கேட்டாங்க சார். மழை, சேறு அப்படின்னு ஏதோ சொன்னாங்க..."

அவ்வளவுதான்.

"ஏலே! மழ பெஞ்ச கரிசல்ல நாங்க மாட்டையே இறக்க மாட்டோம்லே! எம்புள்ள படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கா, அவள இறக்கிவிட்டுட்டு, அவளுக்கே ஓட்டத் தெரியலன்னு ஊருக்கெல்லாம் எழுதிப் போடுதியோ? கண்ணாடியக் கழத்துலே! கழத்திட்டு மண்ணப் பாரு!"

நிஜமாகவே கழற்றினான். அத்தான் போட்ட சத்தம் காடு முழுக்கக் கேட்டிருக்கும். அது அந்த ஆள் மேல் வந்த கோபம் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். நாலு நாளாக அவரும் அதே வார்த்தையைத்தானே வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மண்வெட்டி வாங்கி, அவரே வெட்டி, வண்டியைக் கிளப்பினார். யாரையும் தொடவிடவில்லை.

சாயங்காலம் பார்க்க வந்தவர் வாசலிலேயே வண்டியைச் சுற்றி வந்தார். "புள்ளைக்கு ஓட்டத் தெரியலன்னு சொன்னீங்களே அண்ணாச்சி, கியர் பாக்ஸு கெட்டிருக்குமோ?" என்று கேட்டார்.

"அவளுக்கு நல்லா ஓட்டத் தெரியும். நாந்தான் தெரியாமச் சொல்லிட்டேன். விக்கல, போயிட்டு வாங்க" என்றார் அத்தான். உள்ளே படுத்திருக்கிற பிள்ளைக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னார்.

உள்ளேயிருந்து மகேஸ் குரல் வந்தது. "யப்பா, வண்டிய வெயில்ல போடாதீங்க."

நாலு நாளைக்கு அப்புறம் அவள் வாயைத் திறந்தது அப்போதுதான்.

அந்தப் பச்சைப் பலகை இதை எழுதுகிற வரைக்கும் அங்கேயேதான் நிற்கிறது. இன்ஸ்டாகிராமில் போட்டதும் அப்படியே இருக்கிறது. கம்பெனிக்காரர்களே, அடுத்த மழைக்கு முன்னால் இரண்டையும் எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் என் அத்தான் மறுபடியும் வருவார்... கோபத்தில் அவர் பிகினர் இல்லை.