கொழுந்துத் தராசில் அம்மா

நனைந்த சாக்கும் பறித்த கொழுந்தும் சேர்ந்து ஒரு பச்சை வாடை அடிக்கும். எங்கள் தேயிலை எஸ்டேட்டின் எடைக் கொட்டகையை நினைத்தால் இன்றும் எனக்கு அதுதான் முதலில் வருகிறது. ஓணத்துக்கு நடக்கும் பெண்கள் வடம் இழுப்புப் போட்டிக்கு ஆட்களை எடை போடுவதும் அங்கேதான், கொழுந்து நிறுக்கும் அதே தொங்கு தராசில். கொழுந்து பறிக்கையில் இடுப்பில் சுற்றும் "படுதா"வைக் கொக்கியில் தூளி போலக் கட்டி ஒவ்வொருத்தியாக உட்கார வைப்பார்கள். செங்குத்து மேட்டில் அலட்சியமாக ஏறுகிற பெண்களெல்லாம் அதில் ஏறியதும் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொள்வார்கள்.

ஏழு பேரும் சேர்ந்து நானூறு கிலோவைத் தாண்டக் கூடாது என்பது விதி. நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், எதிர் அணியான கீழ் டிவிஷன்காரிகள் காலை வெயிலிலேயே எடை போட்டு முடித்துவிட்டார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் வந்து சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஸ்வெட்டரும் சேலையும் சொட்டச் சொட்ட, உடுப்பு மாற்ற நேரமில்லாமல் அப்படியே ஏறியதில் மொத்தம் நானூற்று ஒன்பது வந்தது. இருப்பதில் கனமான ஆளை மாற்றச் சொன்னார், தினமும் கொழுந்து எடை எழுதும் சூப்பர்வைசர். கனமான ஆள் என் அம்மாதான். வடத்தின் கடைசி நுனியைப் பிடித்து நிற்க இரண்டு மாதம் பழகியவள், எடைக்குப் பயந்து அன்று காலை சாப்பிடக்கூட இல்லை. அழுதுவிடுவாளோ என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் அழவில்லை. "ஏன் சார், கொழுந்து நனைஞ்சிருந்தா தண்ணிக்குன்னு மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிக்கீகள்ல? இன்னைக்கு நாங்க நனைஞ்சிருக்கோம். ஆளுக்கு ரெண்டு கிலோ கழிங்க" என்றாள்.

அந்தத் "தண்ணிக் கழிவு" வெயில் காயும் நாளிலும் உண்டு என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். முதலில் கைதட்டியவர்கள் கீழ் டிவிஷன்காரிகள். அவர்கள் மூட்டைக்கும் அதே கழிவுதானே. சூப்பர்வைசர் பென்சிலைக் காதில் செருகினார், திரும்ப எடுத்தார், ஆளுக்கு இரண்டு கழித்து எழுதினார்.

போட்டியில் எங்களவர்கள் தோற்றார்கள், அதுவும் படுதோல்வி. ஆனால் மறுநாள் அம்மாவின் மூட்டை கொக்கியில் ஏறியபோது, சூப்பர்வைசர் அவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, முள் காட்டியதை அப்படியே எழுதினார். மூன்றாம் நாள் பழைய கழிவு திரும்பிவிட்டது. இருந்தும் அந்த ஒரு நாளை அம்மா வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இப்போது அந்தப் போட்டியும் இல்லை, தொங்கு தராசும் இல்லை. புதிதாக வந்திருக்கும் மின்னணுத் தராசு, கழிவைத் தானே கழித்துக்கொண்டுதான் எண்ணைக் காட்டுமாம். போன மாதம் போயிருந்தபோது, அங்கே வேலை பார்க்கும் என் தங்கை மூட்டையை வைத்தாள், எண்ணைப் பார்த்தாள், சாக்கை உதறி எடுத்துக்கொண்டு நடந்தாள். கேட்க நினைத்தாலும், எதிரே கேட்பதற்கு ஒரு முகம் இல்லை.