பெரும்பாவியின் வாக்குமூலம்

எங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவருக்குப் பெரும்பாவி என்று பேர். ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனுஷர். ஆனால் எந்தப் பக்கம் எது தவறினாலும் "என் தப்புதாம்பா" என்று முந்திக்கொள்வார். டீக் கிளாஸை நான் உடைப்பேன், தப்பு அவருடையதாகிவிடும். மழையில் லாரி மாட்டிக்கொண்டாலும் அப்படித்தான். மாதா கோவில் பூசையில் "என் பாவமே" என்று சொல்லி நாங்களெல்லாம் கொசு அடிப்பதுபோல நெஞ்சைத் தட்டிக்கொள்வோம். அவர் தட்டுவது இரண்டு வரிசை தள்ளிக் கேட்கும். அதைப் பார்த்துத்தான் அந்தப் பேரை வைத்தேன். அவரும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

அட்டை வெட்டும் மெஷினில் அவர் ஒரு பக்கம், அவருடைய மச்சான் எதிர்ப்பக்கம். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. சின்ன வயதிலேயே இவர்தான் கூட்டிவந்து வேலைக்குச் சேர்த்துவிட்டார். தம்பி அட்டையை உள்ளே வைப்பான், இவர் பெடலை மிதிப்பார், கத்தி பதித்த மேல்பலகை இறங்கி வெட்டும். பலகைக்கு முன்னால் ஒரு கம்பித் தடுப்பு இருந்தது. கை உள்ளே இருந்தால் கம்பி இடிக்கும், பலகை இறங்காது.

தொழிற்சாலைக்கும் கோவிலுக்கும் ஒரே மதில். மதியம் மூவேளைச் செபத்துக்கு மணி அடித்ததும் பழைய முதலாளி எல்லா மெஷினையும் நிறுத்தச் சொல்வார். ஒரு செபம் சொல்லும் நேரம், அவ்வளவுதான். செபம் சொல்கிறவர்கள் சொல்லலாம், சொல்லாதவர்கள் முதுகை நிமிர்த்திக்கொள்ளலாம். தம்பி சின்ன வயதிலிருந்தே அந்த நேரத்தில்தான் கத்தியில் சிக்கிய அட்டைத் துணுக்குகளைக் கையை விட்டுப் பொறுக்கி எடுப்பான். வாய் செபம் சொல்லும், கை துணுக்கு எடுக்கும்.

பழைய முதலாளி ஒன்றும் புனிதர் இல்லை. கூலியில் கை வைப்பார், கேட்டால் முறைப்பார். ஆனால் பேராசை பாவம் என்று அந்த ஆளுக்குத் தெரியும். தெரிந்தே செய்துவிட்டு, சனிக்கிழமை சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் முன்னால் எங்களோடு வரிசையில் நிற்பார். அவரிடமிருந்து தொழிற்சாலையை வாங்கிய கம்பெனிக்காரர்கள் அதே பேராசைக்கு இலக்கு என்று பேர் வைத்தார்கள். இலக்கை எட்டினால் கைதட்டி மாலை போட்டார்கள். பாவம் என்று தெரிந்தவன் என்றாவது ஒருநாள் திருந்தலாம். மாலை வாங்கினவன் எதற்குத் திருந்தப்போகிறான்?

வந்ததும் அவர்கள் முதலில் ஞாயிற்றுக்கிழமையை எடுத்தார்கள். பிறகு மணிச் செபத்தை. "மெஷின் நின்னு கிளம்புறதுல கரண்ட் வீண்" என்றார் மேனேஜர். ரொம்பச் சாந்தமான மனுஷர், குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கடைசியாகக் கம்பித் தடுப்பைக் கழற்றி மூலையில் போட்டார்கள். அது ஏறி இறங்குவதில் வேகம் குறைகிறதாம்.

பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சீறினார். "கடவுள் தனக்குன்னு ஒதுக்கின நாளை விக்கிறதுக்கு அவங்க யாரு, வாங்குறதுக்கு நீங்க யாரு?" என்று கேட்டார். கேட்ட நாங்கள் பாதிப் பேர் அந்த ஞாயிறே மதிய ஷிப்ட்டுக்கு ஓடினோம். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே.

பெரும்பாவி அண்ணன் கம்பெனியையும் மீறவில்லை, கடவுளையும் விடவில்லை. மணி அடித்தால் பெடலை மிதித்துக்கொண்டே கண்ணை மூடி வாய்க்குள் செபம் சொல்வார். கால் கம்பெனிக்கு, கண் கடவுளுக்கு. "கவனம்ணே" என்று நான் சொன்னதற்கு, "ஒரே தாளம்தானப்பா, கால் தானா போகும்" என்று சிரித்தார்.

அன்று கத்தியில் துணுக்கு அதிகமாகச் சிக்கிக்கொண்டிருந்தது. மணி அடித்தது. இத்தனை வருஷமாக மணிக்குப் பழகின தம்பியின் கை, மெஷின் நிற்கவில்லை என்பதை மறந்து உள்ளே போனது. அண்ணன் கண்ணை மூடியிருந்தார். அவர் கால் தானாகப் போனது.

நான் பசைப் பிரிவிலிருந்து ஓடி வந்தபோது தம்பி தரையில் கிடந்தான். வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. பலகைக்கு அடியிலிருந்த அட்டையில் அந்தக் கம்பெனியின் பூப்போட்ட முத்திரை நனைந்துகொண்டிருந்தது. அண்ணன் நின்ற இடத்திலேயே நின்று நெஞ்சில் ஓங்கி ஓங்கி அறைந்துகொண்டிருந்தார். நாலு பேர் சேர்ந்து கையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

தம்பி இன்னும் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே தொழிலாளர் அதிகாரி விசாரணைக்கு வந்தார். கம்பெனியின் குற்றம் என்றானால் தம்பி பிழைத்துக்கிடக்க ஒரு நல்ல தொகை கிடைக்கும். இவர்கள் குற்றம் என்றானால் ஆஸ்பத்திரிச் செலவோடு சரி. அதற்குள் கம்பித் தடுப்பு பழைய இடத்துக்கே ஏறியிருந்தது, புதுப் பெயிண்ட் வாசனையோடு. "இதைக் கழட்டி வச்சிருந்தாங்க சார்" என்று நான் கத்தினேன். "நீங்க சம்பவத்தைப் பார்த்தீங்களா?" என்றார் அதிகாரி. பார்க்கவில்லை. "அப்ப மெஷின் ஓட்டினவர் சொல்லட்டும்" என்றார்.

எல்லோரும் அண்ணனைப் பார்த்தோம். ஒரு வாக்கியம் போதும்: தடுப்பு இல்லை.

அவர் கைகட்டி, தலை குனிந்து நின்றார். "நான் கண்ணை மூடினேன் சார். என் கால்தான் மிதிச்சது. என் தப்புதான். எல்லாம் என் தப்புதான்."

"வேற யார் மேலயாவது தப்பு இருக்கா?"

அண்ணன் வாயைத் திறக்கவில்லை. மேனேஜர் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். அந்தக் கையை வெட்ட வேண்டும்போல எனக்கு ஆத்திரம் வந்தது.

வெளியே வந்ததும் அவரைப் பிடித்து உலுக்கினேன். "தடுப்பு இல்லைன்னு சொல்ல என்னண்ணே கேடு?"

"பாவத்தைச் சொல்றப்ப அடுத்தவன் பாவத்தை இழுக்கக் கூடாதுப்பா. சின்ன வயசுல முதல் நன்மை வாங்கப் படிச்சப்பவே சொல்லிக் கொடுத்திருக்காங்க."

"அது சாமியார்கிட்டண்ணே! இது கவர்மெண்ட் ஆபீஸர். இவரு என்ன, செபம் சொல்லச் சொல்லி மன்னிச்சு அனுப்பிடுவாரா?"

தப்பைச் சொல்கிற இடம் என்று அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். முழங்காலில் நின்று தன்னை மட்டும் குற்றஞ்சாட்டிக்கொள்ள வேண்டிய இடம் அது. சொன்னால் சுமை இறங்கும். சொன்னதைப் பிடித்துக்கொண்டு கழுத்தில் சுருக்குப் போடுகிற இடம் ஒன்று இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பிரார்த்தனையால் கவனம் சிதறி விபத்து என்று தீர்ப்பானது. அண்ணனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். தம்பிக்கு ஒரு பழக்கூடை வந்தது. அண்ணன் வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி சோற்றை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாராம். "என் தம்பிக்குக் கை போச்சு. உங்களுக்கு நாக்கா போச்சு?" அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர்கள் இருவரும் பேசிக்கொள்வது குறைந்துவிட்டது.

அண்ணன் சாமியாரிடம் போனார். பாவசங்கீர்த்தனத்தில் நடந்ததை அவரே பிறகு என்னிடம் சொன்னார். கால் மிதித்ததைச் சொல்லி அழுதாராம். சாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உன் கால் செஞ்சதைச் சொல்லிட்டே. உன் வாய் செய்யாம விட்டதை எப்பச் சொல்லப்போறே?" என்றாராம். "உண்மையில பாதியை மறைச்சுட்டு அதுக்குத் தாழ்ச்சின்னு பேர் வைக்காதே. அவன் கைக்கு வரவேண்டியதை வாங்கிக் கொடு. அதுதான் உனக்கு அபராதம்."

மன்னிப்புக் கிடைத்துவிட்டது. அபராதம்தான் மீதி. அதிகாரியின் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். "அன்னிக்கு ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு பேசினா எப்படிங்க? தடுப்பு இல்லாம ஓட்டினோம்னு கம்பெனி எழுதிக் கொடுத்தா மறுபடி எடுக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எந்தத் திருடன் திருடினேன் என்று எழுதிக் கொடுப்பான்? பெரும்பாவி அண்ணன் அதையும் நம்பினார். மேனேஜர் காலிலாவது விழுந்து கேட்கிறேன் என்று கிளம்பினார்.

அன்று காலை நான் ஷிப்ட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். கம்பெனி வாசலில் அண்ணன் நிற்கிறார். கோவிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டை, சவரம் செய்த முகம். இரும்புக் கேட்டுக்கு உள்ளே காக்கிச் சட்டையில் புது வாட்ச்மேன். வலது கைச் சட்டையை மடித்து ஊக்கு குத்தியிருந்தான். கம்பெனி பெரிய மனதோடு தம்பிக்கு அந்த வேலையைப் போட்டுக் கொடுத்திருந்தது, பாதிச் சம்பளத்துக்கு. அக்காவிடம்கூட அவன் சொல்லவில்லை போலிருக்கிறது.

"மேனேஜரைப் பார்க்கணும் தம்பி. உன் பணத்துக்காகத்தான் வந்தேன். சாமி வாங்கிக் கொடுக்கச் சொல்லிட்டாரு."

"தெரியும் மாமா."

"அப்ப கதவைத் திற."

தம்பி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "இந்த வேலையில சேர்றப்ப முதல்ல உங்க போட்டோவைத்தான் காட்டினாங்க மாமா. இவரை மட்டும் உள்ளே விடக் கூடாதுன்னு. விட்டா எனக்கு இதுவும் போயிடும்."

அண்ணன் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தம்பி இடது கையால் அந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். கோபத்தில் இல்லை, வலிக்காமல்தான் எடுத்தான்.

"வெயில் ஏறுது. வீட்டுக்குப் போங்க மாமா" என்றான். பிறகு எனக்காகச் சின்னக் கதவைத் திறந்தான். நான் உள்ளே போனேன்.