பாமாயில் லாரியை மறித்த பிறகு

விழுப்புரம் பக்கம், கெடாருக்கு அடுத்த எங்கள் ஊர் ரேஷன் கடைக்கு லாரி வருகிற நாளாகப் பார்த்துப் போய் நின்றோம். எல்லோரும் விவசாயிகள் சங்கத்துக்காரர்கள், வேர்க்கடலை போடுகிறவர்கள்; எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அரசாங்கம் மானியம் கொடுத்து வெளிநாட்டுப் பாமாயிலை மலிவாக விற்பதால்தான் எங்கள் காய்க்கு விலை ஏறவில்லை என்று ஆத்திரம். லாரி வந்ததும் குறுக்கே உட்கார்ந்தோம். பெண்களில் நான் ஒருத்திதான்.

கடை வாசலில் பையோடு நின்றவர்களில், வருஷா வருஷம் என் கொல்லையில், அதாவது கடலை போட்ட நிலத்தில், மல்லாட்டை பிடுங்க ஆள் கூட்டிவரும் அக்காவும் இருந்தார். வரிசையை விட்டு நேரே என்னிடம் வந்தார்.

"பாமாயில நிறுத்திட்டா நாங்க எதுலம்மா தாளிக்கிறது?"

"அதுக்குப் பதிலா மல்லாட்டை எண்ணெ குடுக்கச் சொல்றோம்க்கா."

"இதே வெலைக்கா?"

கலெக்டருக்குக் கொடுக்க நாங்கள் எழுதி வைத்திருந்த மனுவில் அந்த விலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பின்னாலிருந்து ஒருவர், "வெவசாயி செத்துக்கினு இருக்கான், ஒனக்குத் தாளிப்பு கேக்குதா?" என்றார். அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். லாரி திரும்பிப் போனது. பெண்கள் வெறும் பையோடு கலைந்தார்கள்.

மறுநாள் என் கொல்லைக்குப் பிடுங்க வருவதாக இருந்த ஆட்கள் வரவில்லை. செடி முற்றி இலை உதிர ஆரம்பித்திருந்தது. வானம் மூடிக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். விக்கிரவாண்டிக்கு ஆள் தேடிப் போன என் வீட்டுக்காரர் தனியாகத் திரும்பினார்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அடுப்பில் முருங்கைக்கீரை வெறும் தண்ணீரில் வெந்துகொண்டிருந்தது.

"நாளைக்கு வர்றீங்களாக்கா?"

"ஒங்க காய் வெல ஏறினா எங்க கூலியும் ஏறும்னு ஒருத்தராச்சும் சொன்னீங்களா?"

கூலிப் பேச்சை எடுக்காமல், எண்ணெய் விலையைச் சேர்த்து மனுவை மாற்றச் சொல்கிறேன் என்றேன்.

"மொதல்ல மாத்துங்க" என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காலையில் சங்கத்துக்காரர்களிடம் போய், கடலை எண்ணெய் அதே விலைக்குக் கிடைக்கும்வரை பாமாயிலை நிறுத்தக் கூடாது என்று மனுவில் சேர்க்கச் சொன்னேன். இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். தலைவர் மனுவை எடுத்து எழுதிச் சேர்த்தார். லாரியை மறிப்பதில்லை என்றும் முடிவானது.

விஷயம் தெரிந்ததும் அக்கா ஆட்களோடு வந்தார். பாதிக் கொல்லை பிடுங்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. யாரும் வேலையை விட்டுக் கரையேறவில்லை. வழுக்கும் சேற்றில் குனிந்தபடி பிடுங்கினோம். அப்படியும் ஒரு பங்கு காய் மண்ணிலேயே முளைத்துப் போனது.

மனு விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தது. பதில் இன்னும் வரவில்லை. அக்கா இப்போதும் வேலைக்கு வருகிறார். எந்த நாள் வருவார் என்று சொல்வதற்கு முன்னால் மட்டும், "மறியல் எதுனா இருக்காம்மா?" என்று கேட்டுக்கொள்கிறார்.