வெள்ளிமலை பஸ் திரும்பும் முனை

'விரைவில்' என்று அச்சடித்த எதையும் நான் இன்றுவரை நம்புவதில்லை. நான்காம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் அந்த நம்பிக்கை போனது. அந்த வருடம் லீவுக்கு மூன்று படங்கள் வருவதாக இருந்தன. ஒன்று பேய்ப் படம். ஒன்றில் யானை நடித்திருந்தது. மூன்றாவது என் தாய்மாமாவின் நடிகர் படம். அந்த நடிகருக்கு ஊரறிந்த பெயரும் அதற்கு முன்னால் ஒரு பட்டமும் உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது என்பதால், மனதுக்குள் எனக்கு அவர் 'மாமாவின் நடிகர்' ஆகிவிட்டார். பேயும் யானையும் வராவிட்டால் போகட்டும், அவர் வந்தே ஆக வேண்டும்.

நாங்கள் அப்போது வெள்ளிமலையில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா மலைப்பாதையில் ஜீப் ஓட்டினார். அம்மா மரவள்ளிக் காட்டுக்குக் கூலிக்குப் போவாள். மலையில் தியேட்டர் கிடையாது. படம் பார்க்க வேண்டுமென்றால் வளைவுகளையெல்லாம் இறங்கி, கள்ளக்குறிச்சிக்குப் போக வேண்டும். சினிமாச் செய்தியும் அங்கிருந்துதான் பஸ் ஏறி வரும். அதனால் காலை பஸ் வருவதற்கு முன்பே நான் போய் நின்றுவிடுவேன். தேதி போட்ட போஸ்டர் ஒட்டிவிட்டார்களா என்று கண்டக்டரைக் கேட்பேன்.

"இன்னும் 'விரைவில்'னுதான் கீது பாப்பா. ஏன், நீதான் அந்தப் படத்துக்குப் பணம் போட்டுக்கிறியா?" என்பார்.

பஸ்ஸே சிரிக்கும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். விரைவில் என்றால் நாளைக்கா, அடுத்த வெள்ளிக்கிழமையா, பள்ளிக்கூடம் திறந்த பிறகா? பசியோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குத் தட்டை வைத்துவிட்டு 'சோறு விரைவில்' என்று சொன்னால் அது சும்மா இருக்குமா?

அந்தப் படத்துக்கு எங்கள் வீட்டில் என்ன தடை என்பதைச் சொல்லிவிடுகிறேன். மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. மலையடிவாரத்து வடக்கனந்தலில்தான் அவர்கள் பிறந்தார்கள். மாமா தவழ்கிற வயதிலேயே தாயை இழந்துவிட்டதால், அம்மா பள்ளிக்கூடம் போகாமல் அவரை இடுப்பில் வைத்து வளர்த்தாள். அதனால் அவளுக்கு எழுத்துத் தெரியாது. பஸ்ஸைக்கூட டிரைவர் முகத்தைப் பார்த்துத்தான் ஏறுவாள்.

அந்தக் கோடைக்கு இரண்டு வருடம் முன்னால் எனக்குக் காது குத்தியபோது மாமா மடியில்தான் என்னை உட்கார வைத்திருக்க வேண்டும். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்துவது எங்கள் பக்கத்தில் பெரிய அவமானம். ஆனால் அன்று காலை பார்த்து கள்ளக்குறிச்சியில் அவருடைய நடிகர் படம் வெளியானது. கட்அவுட்டுக்குப் பால் ஊற்றிவிட்டு வந்துவிடலாம் என்று போனவர், படத்தையும் பார்த்துவிட்டார். இங்கே நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஒன்றுவிட்ட மாமா ஒருவர் மடியில் வைத்து எனக்குக் காது குத்திவிட்டார்கள். மாமா பால் நாற்றம் அடிக்கிற சட்டையோடு சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றபோது பந்தியே முடிந்திருந்தது. அப்பா அத்தனை பேர் நடுவில் அவரைப் பேசினார். அப்பாவுக்கு நன்றாகவே பேச வரும். மாமாவுக்கும் ரோஷம் வந்துவிட்டது.

"எங்க ஈரோ படம் வந்தாத்தான் இனிமே இந்த ஊரு பக்கம் வருவேன். எந்த ஒறவுக்காரன் மூஞ்சிக்காவயும் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே திருப்பூருக்குப் பஸ் ஏறி ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டார்.

போனவர் போனவர்தான். பொங்கலுக்கும் வரவில்லை, ஊர்த் திருவிழாவுக்கும் வரவில்லை. அந்த நடிகருக்கும் அதன்பிறகு படமே வரவில்லை. சண்டைக் காட்சியில் கால் உடைந்துவிட்டது என்றார்கள். அப்பாவின் ஜீப்பில் அவர் பாட்டு ஒன்றுகூட ஓடாது. ஏறுகிறவர்கள் ஆசையாகக் கேட்டாலும், அப்பா காதில் விழாத மாதிரி கியரை மாற்றுவார்.

இப்படி இருக்கும்போதுதான் அம்மா சினிமா ரசிகை ஆனாள். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டேன். அதுவரை எந்தப் படத்தையும் முழுதாக உட்கார்ந்து பார்க்காதவள், களி கிண்டிக்கொண்டே திடீரென்று கேட்பாள்.

"ஏ புள்ள, அந்தப் படம் என்னிக்கி வருதாம்?"

எனக்குத் தலைகால் புரியாது. இதில் அவருக்கு இரண்டு வேஷம், ஒருவர் போலீஸ், ஒருவர் திருடன், இரண்டு பேரும் அண்ணன் தம்பி என்பது இரண்டு பேருக்குமே தெரியாது என்று மூச்சு விடாமல் சொல்வேன்.

"அது கெடக்கட்டும். தேதி சொல்ட்டாங்களா இல்லியா?"

படம் சித்திரை ஒன்றாம் தேதிக்கு வருவதாக இருந்தது. வரவில்லை. கிராபிக்ஸ் முடியவில்லை என்றார் முடிவெட்டுகிறவர். மாதக் கடைசியில் வரும் என்றார்கள். அப்போதும் வரவில்லை. பாட்டு ஒன்று பாக்கி, அதற்கு வெளிநாடு போயிருக்கிறார்கள் என்றார் டீக்கடைக்காரர். பேய்ப் படம் வந்து, ஓடி, போயும் விட்டது. யானையும் வந்துவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசலுக்கும் பஸ் நிற்கிற இடத்துக்கும் நடந்து நடந்து செருப்பின் வார் அறுந்தது. யார் கூப்பிட்டாலும் எரிந்து விழுந்தேன். அம்மாவும் என்னைவிட ஒன்றும் குறைச்சல் இல்லை. பெருக்கின வாசலையே திரும்பப் பெருக்குவாள். களியில் உப்புப் போட மறந்துவிட்டு, அப்பா முகம் சுளித்தால் அவரையே முறைப்பாள். தேதி தள்ளிப்போகிற ஒவ்வொரு முறையும் அந்த நடிகரைத் திட்டித் தீர்த்தாள்.

"இவனுக்கு இன்னா கேடு வந்துச்சி? ஒரு படம் எடுக்க இத்தினி நாளா? ஜனங்க காத்துக்கினு கீறாங்கன்னு ஒரு நெனப்பு வாணாம்?"

எனக்குப் பெருமையாக இருந்தது. உண்மையான ரசிகர்கள்தான் அப்படி உரிமையோடு திட்டுவார்கள்.

பள்ளிக்கூடம் திறக்கச் சில நாள் இருக்கும்போது ஒரு காலையில் பஸ் நிற்பதற்கு முன்பே கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார். "பாப்பா, ஒட்டிட்டான்! வர்ற வெள்ளிக்கிழம!" நான் அங்கிருந்து ஒரே ஓட்டமாக மரவள்ளிக் காட்டுக்கு ஓடினேன். சொன்னதும் அம்மா களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பாவம், படத்துக்காக எவ்வளவு ஏங்கியிருக்கிறாள் என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அன்று ராத்திரி அம்மா அப்பாவிடம் மெதுவாக ஆரம்பித்தாள். "புள்ளைக்கு யூனிபார்ம் துணி எடுக்கணுங்க. வெள்ளிக்கெழம கள்ளக்குறிச்சி போய்ட்டு வந்துர்றோம்."

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் எங்கே உளறிவிடுவேனோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன்.

"போய்ட்டு வாங்க. ஒண்ணும் அவசரம் இல்ல, மெதுவாவே வாங்க" என்றார் அப்பா. அப்பாவை இவ்வளவு சுலபமாக ஏமாற்றலாம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை அம்மா நல்ல புடவை கட்டினாள். அலமாரியில் என்னைத் தொடவே விடாமல் வைத்திருந்த மலைத்தேன் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒயர்கூடையில் வைத்தாள். தியேட்டருக்கு யாராவது தேன் கொண்டுபோவார்களா? பஸ் அன்றைக்கென்று ஊர்ந்தது. ஒரு வளைவில் லாரி ஒன்று திரும்ப முடியாமல் நின்றது. இன்னொரு இடத்தில் ஆடுகள் சாலையை அடைத்துக்கொண்டு, டிரைவர் ஹாரன் அடிக்க அடிக்க நிதானமாகத் திரும்பிப் பார்த்தன. வடக்கனந்தலில் ஒருவர் மூட்டை மூட்டையாக எதையோ ஏற்றினார். கதாநாயகன் முதலில் வருகிற காட்சிதான் படத்திலேயே முக்கியம். அதைத் தவறவிட்டால் படத்துக்குப் போவதில் அர்த்தமே இல்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

கள்ளக்குறிச்சியில் பஸ் திரும்புகிற முனை வந்தபோது நான் எதிர்ப்பக்கச் சன்னலில் கழுத்தை நீட்டி, கட்அவுட் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் அம்மா போட்ட கூச்சலில் டிரைவர் தானாக பிரேக் போட்டுவிட்டார். நான் திரும்புவதற்குள் அவள் இறங்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

முனையில் இரண்டு கம்பங்களுக்கு நடுவில் ஒரு பிளக்ஸ் பேனர். அதில் ஆள் உயரத்துக்கு என் மாமாவின் முகம். கைகூப்பிக்கொண்டு, சிரிக்காமல், தனியாக. சுற்றிலும் ரோஜாப் பூ, கீழே ஒரு குத்துவிளக்கு. எங்கள் பக்கத்தில் பிறந்தநாளுக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் சாவுக்கும் ஒரே கடையில்தான் பேனர் அடிப்பார்கள். பூவும் விளக்கும் அதேதான், எழுத்து மட்டும்தான் மாறும். அதிலும் அந்தக் கம்பங்கள், கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டுவதற்கென்றே ஊரில் பழகிப்போன இடம். எழுத்துத் தெரியாத அம்மா எப்படி எடுத்துக்கொள்வாள்?

"என் சாமீ! நா இடுப்புல தூக்கி வளத்த ராசா! ஒரு வார்த்த சொல்லாமப் பூட்டியேடா!" என்று நடுரோட்டில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். கூட்டம் கூடிவிட்டது. நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'வருக! வருக!' என்று போட்டு, கீழே ரசிகர் மன்றத்தின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது.

"எம்மா, சாவு இல்லம்மா! வருக வருகன்னு போட்டுக்கீதும்மா! எந்திரிம்மா, படம் போட்டுருவாங்க!" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை.

ஆட்டோக்காரர் ஒருவர்தான் குனிந்து சத்தமாகச் சொன்னார். "யக்கா, எந்திரிங்க. இந்த ஆளா? இப்பதான் தேட்டர்ல மோளத்துக்கு ஆடிக்கினு கீறாரு. நானே பாத்துட்டுத்தான் வரேன்."

அம்மா அழுகையை நிறுத்தி அவரைப் பார்த்தாள். "உசுரோட கீறானா?"

"அந்த ஆட்டத்த வந்து பாருங்க, நீங்களே சொல்வீங்க."

தியேட்டர் வாசலில் மாமா கட்அவுட்டுக்குக் கட்டிய சாரத்தின் உச்சியில் பால் குடத்தோடு நின்றிருந்தார். பாதிப் பால் நடிகர் தலையிலும் பாதி அவர் தலையிலும் வழிந்துகொண்டிருந்தது.

"எறங்குடா கீழ!" என்றாள் அம்மா. மேளம் தானாக நின்றது.

மாமா இறங்கி வந்தார். அம்மா விட்ட அறையில் மன்றத்துப் பையன்கள் எகிறிக்கொண்டு வந்தார்கள். "எங்கக்காடா" என்று மாமா கையைக் காட்டித் தடுத்தார். அடித்த கையாலேயே அம்மா முந்தானையை எடுத்து அவர் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். சின்னப் பிள்ளைக்குத் துவட்டுகிற மாதிரி காதுக்குள்ளெல்லாம் விட்டுத் துடைத்தாள். மாமா கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு அழுதார்.

"ஒம்மூஞ்சிய அந்தக் கம்பத்துல எவண்டா கட்டுனது?"

"நாங்க வாணான்னுதான் சொன்னோங்க்கா" என்றான் ஒரு பையன். "எல்லாரும் தேட்டர் வாசல்ல கட்றோம். இவுருதான் வெள்ளிமல பஸ்ஸு திரும்புற மொனையிலதான் கட்டணும், எழுத்து பொடிசா இருந்தாலும் பரவால்ல, மூஞ்சி பெருசா தெரியணும்னு ஒரே புடி. அங்க கட்னா எந்த ரசிகன் பாப்பான்?"

அவன் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. அந்தப் பேனரில் நடிகரின் படம்கூட இல்லை. மாமா தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் உள்ளே விசில் சத்தம் கூரையைப் பிய்த்தது. கதாநாயகன் வந்துவிட்டார். நான் ஓவென்று அழுதேன். "மாமன் மேல புள்ளைக்கு எத்தினி பாசம் பாரு" என்று ஒரு பெண்மணி என் கன்னத்தைத் தடவினார்.

உள்ளே போய் உட்கார்ந்த பிறகும் எனக்கு நிம்மதி இல்லை. அம்மா ஓயாமல் கையை நீட்டி மாமாவின் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் பாதித் திரை மறைந்தது. மாமாவோ உள்ளங்கையில் தேனை ஊற்றி நக்கிக்கொண்டிருந்தார். இப்போது வந்தது போலீசா திருடனா என்று கேட்டேன். "தெரியலியே கண்ணு" என்றார். ரசிகர் மன்றமாம்!

சாயங்காலம் மூன்று பேருமாகத்தான் மலை ஏறினோம். வெள்ளிமலையில் அப்பா ஜீப்பில் சாய்ந்துகொண்டு நின்றிருந்தார். யூனிபார்ம் துணி எங்கே என்று கேட்பார் என்று நான் நடுங்கினேன். அவர் அம்மாவின் காலிக் கூடையைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார்.

"பால் நாத்தம் அடிக்குது. வூட்டுக்குப் போயி குளிடா" என்றார்.

மறுநாள் அப்பாவின் ஜீப்பில் அந்த நடிகரின் பாட்டு ஓடியது. எனக்கு அது ஒரு ஆறுதலாகவும் இல்லை. பள்ளிக்கூடம் திறந்ததும் எல்லோரும் கதாநாயகன் வருகிற அந்த முதல் காட்சியைப் பற்றியே பேசினார்கள், நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். படம் எப்படி என்று அம்மாவைக் கேட்டேன். "ரொம்ப நல்லா இருந்துச்சி" என்றாள். கதை கேட்டால் ஒரு வரிகூடச் சொல்லத் தெரியவில்லை. மாமா வேலை செய்த கம்பெனிக்கு எதிரிலேயே தியேட்டர் இருந்ததாம், அங்கேயும் அன்றைக்கு அதே படம்தானாம். அதை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்து, ரசிகர்கள் பார்க்காத இடமாகத் தேடிப் பேனரைக் கட்டிய அவரை என்ன சொல்வது? எங்கள் குடும்பத்தில் சினிமாவைப் பற்றி ஏதாவது தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று அன்றைக்கு முடிவு செய்துகொண்டேன்.