கூறு போட்டவருக்குக் கடைசிக் கூறு

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் இன்று கடைக்காரர் வெங்காய மூட்டையைப் பிரித்தபோது எழுந்த சணலும் காய்ந்த தோலும் கலந்த வாசனை, இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் பூன் லே வட்டார அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்கே என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

சில்லறையாக வாங்கினால் கட்டுப்படியாகாது என்று எங்கள் மாடிப் பெண்கள் சேர்ந்து மொத்தச் சந்தையில் மூட்டையாக எடுப்பார்கள். பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா பழைய செய்தித்தாளை விரித்து, ஒவ்வொரு வெங்காயமாக உருட்டிப் பார்த்துக் கூறு போடுவார். கூறு போட்டவர் கடைசியில் மிஞ்சுவதைத்தான் எடுக்க வேண்டும் என்பது அவர்களே வைத்துக்கொண்ட வழக்கம். அதனால் தராசே தேவைப்பட்டதில்லை.

ஒருமுறை மூட்டையில் பாதி நசிந்திருந்தது. மறுநாள் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம், பிரியாணிக்கு நல்ல வெங்காயம் வேண்டும். அப்படியும் அக்கா நல்லதையும் நசிந்ததையும் எல்லாக் கூறிலும் சமமாகவே வைத்தார்.

"எடுங்க லா, வேடிக்கை பார்க்கவா வந்தீங்க?"

முதலில் குனிந்த அம்மா, தன் கூறிலிருந்த நசிந்ததை மட்டும் பையில் அள்ளினார். "இன்னிக்கே வதக்கிடுவேன்கா, இது போதும்."

அடுத்தவரும் அப்படியே செய்தார், அதற்கடுத்தவரும்.

"என்ன கூத்து இது, ஒழுங்கா எடுங்கடி!" என்று அக்கா திட்டத் திட்ட, நல்ல வெங்காயமெல்லாம் அவருக்கென்று அங்கேயே கிடந்தது.